தம்பிமார் கதையும் மார்த்தாண்டவர்மா புதினமும்

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பட்டுப்போன பலாமரம் ஒன்றின் அடிப்பகுதி பாதுகாத்து வைக்கப்பட்டிருக்கிறது. அம்மச்சிப்பிலாவு என்பது அதன் பெயர். பகைவர் துரத்தி வர ஓடி வந்த இளவரசர் மார்த்தாண்டவர்மர் அம்மரத்தின் பொந்துக்குள் புகுந்து உயிர் தப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பெருங்கடவிளையிலும் பாறசாலையிலும் வாழும் நம்மவர்களில், பிள்ளைகளை ஒருமுறையேனும் அழைத்துச்சென்று அம்மரத்தைக் காட்டாத குடும்பம் குறைவு. மரத்துக்குள் இருந்தவர் பிழைத்தார், பின்னர் அரசரானார். துரத்தி வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அம்மரத்தடியில் நின்று எவரும் கேட்பதில்லை.

என் மகள் கேட்டாள். பள்ளியில் சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’வைப் பற்றிப் பாடம் நடந்திருக்கிறது. மாலையில் வீட்டுக்கு வந்தவள், “அப்பா, தம்பிமார் ராஜத் துரோகிகளாம். டீச்சர் சொன்னாங்க” என்றாள். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் தாயார் நிமிர்ந்து பார்த்து, “இல்ல மக்களே, அவங்களக் கூப்பிட்டு வச்சுல்லா வெட்டிப்போட்டாவ” என்றார். ஆசிரியை படித்தது புதினம். ஆச்சி கேட்டது வில்லுப்பாட்டு. ஒரே கொலை. ஒன்றில் அது நீதி; மற்றொன்றில் அது வஞ்சகம். இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் வாய்ப்பு, இரு மொழிகளுக்கிடையே குடியிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கே மிகுதியாக உண்டு. அதை நாம் பயன்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆகவேதான் சங்க மலருக்கு இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேணாட்டை 1724 முதல் 1729 வரை ஆண்டவர் ராமவர்மர். அவருக்குப் பத்மநாபன் தம்பி, ராமன் தம்பி என்று இரு புதல்வர்கள். கதைப்பாடல் அவர்களை வலிய தம்பி என்றும் குஞ்சுத் தம்பி என்றும் அழைக்கும். அரசர் மறைந்தபின் பட்டத்துக்கு வந்தவர் அவருடைய மருமகன் மார்த்தாண்டவர்மர் (1706–1758). மன்னனின் அதிகாரத்தைக் கட்டுக்குள் வைத்திருந்த நிலக்கிழார்களான எட்டு வீட்டுப் பிள்ளைமார் தம்பிமார் பக்கம் நின்றனர். முடிவில் தம்பிமார் நாகர்கோவில் அரண்மனையில் கொலையுண்டனர், பிள்ளைமார் கொல்லப்பட்டனர், அவர்கள் வீடுகள் தரைமட்டமாயின. இதே அரசர்தாம் 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றவர். 1750 ஜனவரி 3 அன்று நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தம்மை அப்பெருமானின் தாசன் என்று சொல்லிக்கொண்டவர். அந்தக் காணிக்கை பக்தியா, அரசியல் நுட்பமா, கழுவாயா என்று இன்றும் வாதிடுகிறார்கள். மூன்றும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடாது என்பதில்லை.

தம்பிமார் செய்தது குற்றமா? இந்த வினாவுக்கு விடை, நாம் எந்தத் தாய வழக்கில் நின்று பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. வேணாட்டு அரச குடும்பத்தில் மருமக்கள் வழி. அரசனின் உடன்பிறந்தாள் மகனுக்கே பட்டம். அரசனின் மகனுக்குத் தம்பி என்னும் பட்டப்பெயரும் சில நிலங்களும்தான். அந்த நெறியில் நின்றால், தந்தையின் கட்டிலைக் கேட்ட மகன் கலகக்காரன். மக்கள் வழியில் நின்று பார்ப்பவனுக்கோ, தந்தையின் கட்டிலில் ஏறி அமர்ந்த மருமகனே கவர்ந்தவன். கத்தி ஒன்றுதான். நெறிநூலின் ஏட்டைப் புரட்டினால் கொலையின் பெயர் மாறிவிடுகிறது.

நாஞ்சில் நாட்டுத் தமிழர்கள் ஏன் தம்பிமார் பக்கம் நின்று பாடினார்கள் என்பதற்கு, மொழியுணர்ச்சியைக் காரணம் காட்டுவது எளிது. எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி நிலவியதையும், அதனால் பெற்ற பிள்ளைகள் தெருவில் நின்றதையும் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்னும் நூலில் நகைச்சுவையும் கண்ணீருமாகச் சொல்லியிருக்கிறார். 1926-இல் சட்டம் வந்த பின்னரே அந்நிலை மாறியது. தந்தை இறந்த மறுநாள் மருமகன் வந்து பத்தாயத்தின் சாவியைக் கேட்பதைக் கண்ட மக்கள், கோயில் கொடையில் தம்பிமார் கதையைக் கேட்கும்போது, அரண்மனையை மட்டுமா நினைத்திருப்பார்கள்? தங்கள் வீட்டு முற்றத்தையும் நினைத்திருப்பார்கள் என்பது என் துணிபு. சான்று காட்ட இயலாத துணிபுதான். ஆயினும் விட மனம் வரவில்லை.

இனிப் புதினத்துக்கு வருவோம். 1891-இல் வெளிவந்த ‘மார்த்தாண்டவர்மா’ மலையாளத்தின் முதல் வரலாற்றுப் புதினம். ஸ்காட்டின் சாயல் உண்டென்று சொல்வார்கள், இருக்கட்டும். பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு கிடக்கும் இளைஞன், பித்தன் வேடத்தில் திரியும் சான்றான், மாங்கோயிக்கல் குறுப்பின் வீட்டில் மூட்டப்படும் தீ என்று ஒரே மூச்சில் படிக்க வைக்கும் ஆற்றல் சி. வி.க்கு இருந்தது. 1933-இல் அதைப் பேசாப் படமாக்கிய நாகர்கோவில் சுந்தரராஜ், பதிப்புரிமை வழக்கில் சிக்கிப் படத்தையே இழந்த கதையும் உண்டு. அது வேறு கதை.

புதினத்தில் பத்மநாபன் தம்பி காமுகன், கோழை, பிறர் சொல் கேட்பவன். அவனை ஆட்டிவைக்கும் சூழ்ச்சிக்காரன் சுந்தரய்யன், கிழக்கிலிருந்து வந்த பட்டர். திருவிதாங்கூர் அரசுப் பணிகளில் வெளிநாட்டு அந்தணர்களுக்கே முதலிடம் என்று முறையிட்ட மலையாளி மெமோரியல் எழுந்ததும் அதே 1891-இல்தான்; அம்முயற்சியில் சி. வி.க்கும் பங்கு உண்டு. இதைக்கொண்டு அவரைத் தமிழ்ப் பகைவர் என்று முத்திரை குத்துவது பேதைமை. அவர் தமிழ் நன்கறிந்தவர் என்பது அவர் நடையிலேயே தெரியும். நான் சொல்ல வருவது வேறு. ஓர் அரசன் தன் உறவினரைக் கொல்வதை நியாயப்படுத்த வேண்டுமானால், கொல்லப்படுகிறவர் முன்கூட்டியே அருவருக்கத் தக்கவராக்கப்பட வேண்டும். வழக்கு நடக்குமுன் குணம் கெட்டவன் என்று எழுதிவிட்டால், பிறகு வழக்கே தேவையில்லை. சி. வி. இதை மிகத் திறமையாகச் செய்திருக்கிறார். தம்பியின் உரிமைக் கோரிக்கை சரியா தவறா என்ற வினா, அவன் பெண்ணாசையில் மூழ்கி மறைந்துவிடுகிறது. கொலைச் செய்திகளை எழுதும் இக்கால நாளிதழ்களும் இந்த உத்தியை நன்கறியும். இறந்தவனின் பழைய வழக்குகளின் பட்டியல், அவன் எப்படி இறந்தான் என்பதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

ஆயினும் சி. வி. வெறும் அரண்மனைப் புலவர் அல்லர். சுபத்திரை என்னும் பாத்திரத்தைப் படைத்தாரே, அங்கே அவர் உயர்ந்து நிற்கிறார். பிள்ளைமார் குடும்பத்தில் பிறந்தவள், அவர்களுடைய சூழ்ச்சியை அறிந்து இளவரசரைக் காக்கிறாள். அதற்காகத் தன் குடும்பத்து மூத்தவரான குடமண் பிள்ளையின் கையால் மடிகிறாள். காப்பாற்றப்பட்ட இளவரசரால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. அரசு நிலைபெற்றது, அதை நிலைநிறுத்தியவள் இல்லை. புதினத்தை மூடிவைத்த பின் நம் நெஞ்சில் நிற்பது முடிசூட்டு விழா அன்று, அவள்தான். தாம் நியாயப்படுத்திய வெற்றியின் விலையை ஆசிரியர் தம்மையறியாமலே ஒரு பெண்ணின் பெயரில் எழுதிவைத்துவிட்டார்.

கதைப்பாடலில் இந்த இடத்தில் இருப்பவள் தங்கை. தம்பிமாரின் உடன்பிறந்தாள் கொச்சுமணித் தங்கையை மார்த்தாண்டவர்மர் மணம் கேட்கிறார். அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் தருவதானால் சம்மதம் என்கிறார்கள் அண்ணன்மார். மருமக்கள் வழியில் அது நடவாது. பகை அங்கே முளைக்கிறது. ஆசை மறுக்கப்பட்டவனின் சினமாகவே பாட்டு அரசரின் செயலைக் காண்கிறது. நாட்டை ஒன்றாக்க வந்தவன் என்ற பேச்சே அங்கு இல்லை. தம்பிமார் அரண்மனைக்கு வரவழைக்கப்பட்டு வெட்டுண்டு வீழ்கிறார்கள். தங்கையும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். வில்லின் மணி ஒலியும் குடத்தின் தாளமும் அந்த இடத்தில் தணிந்துபோகும். பெண்கள் கூட்டத்தில் விசும்பல் கேட்கும். சிறுவயதில் தாயாரின் மடியில் படுத்துக்கொண்டு கேட்ட எனக்கு, கதை முழுவதும் மறந்தபோதும் அந்த விசும்பல் மறக்கவில்லை.

நம் பாட்டு என்பதற்காக அதன் குறைகளை மறைத்தல் ஆகாது. சி. வி. தம்பியைக் கறுப்பாக்கியதைப் போலவே பாட்டு அரசரைக் கறுப்பாக்கிவிடுகிறது. மூத்த தம்பி திருச்சிராப்பள்ளிக்குச் சென்று முறையிட்டு, அழகப்ப முதலியாரின் தலைமையில் வெளிநாட்டுப் படையை வரவழைத்த செய்தியை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உள்நாட்டு உரிமை வழக்குக்கு அயல்நாட்டுப் படையைக் கூட்டிவந்தால், அப்படை நடந்து வரும் வழியில் வயல் வைத்திருப்பவன் கதி என்ன? பாட்டு அதைக் கேட்பதில்லை. எல்லைப்புறத்துக் குடியானவனுக்கு இரு தரப்புப் படையும் ஒன்றுதான் என்பதை, அவன் நாவில் வாழ்ந்த பாட்டே மறந்தது வியப்பு.

இரு படைப்புகளும் ஒருமித்து நழுவும் இடம் ஒன்றுண்டு. அதைத்தான் முதன்மையாகச் சொல்ல விரும்பினேன், முன்னுரையே நீண்டுவிட்டது. பிள்ளைமார் கொல்லப்பட்டபின் அவர்கள் வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும் கடற்கரை மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்பது மரபுச் செய்தி. துறையேற்றம் என்பார்கள். 1878-இல் பி. சங்குண்ணி மேனோன் எழுதிய திருவிதாங்கூர் வரலாற்றிலேயே இது காணப்படுகிறது. சூழ்ச்சி செய்தவர்கள் ஆண்கள். அவர்களுக்குத் தண்டனை ஒரு நாளில் முடிந்தது. சூழ்ச்சியில் இல்லாத பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது வாழ்நாள் முழுவதும் நீண்டது. அரசியல் வன்முறையை எடைபோட எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்: கொலைப்பட்டவன் குற்றவாளியா என்பதோடு நில்லாமல், அவன் வீட்டில் இருந்தவர்களை என்ன செய்தார்கள் என்றும் கேட்பது. இப்படிக் கேட்டால் மார்த்தாண்டவர்மரின் செயலுக்கு அரச தருமம் என்ற பெயர் பொருந்தாது. குளச்சல் வெற்றி அதை ஈடு செய்யாது.

புதினம் இந்தப் பெண்களிடம் தங்கி நிற்கவில்லை. சுபத்திரை ஒருத்திக்காக உருகியதோடு அதன் கண்ணீர் தீர்ந்துவிட்டது. நான் கேட்ட பாட்டிலும் அவர்கள் இல்லை. தங்கை ஒருத்தியோடு அதுவும் நிறைவடைகிறது. உயர்குடிப் பெண் ஒருத்தி அழகாக இறந்தால் காவியம் கண்ணீர் விடும். உயிரோடு கடற்கரைக்கு நடத்திச் செல்லப்பட்டவர்கள் காவியத்துக்கு உகந்தவர்கள் அல்லர் போலும். இன்னொன்றும் உறுத்துகிறது. இத்தண்டனையைக் கொடுமை என்று சொல்கிறவர்கள்கூட, மீனவர் குடிசையில் வாழ்வதே இழிவு என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். தங்கள் வீடுகள் சிறைக்கூடமாக்கப்பட்டதைப் பற்றி அந்த மீனவர்களை எவரேனும் கேட்டார்களா? வந்த பெண்ணுக்குக் கஞ்சி ஊற்றிய மூதாட்டி ஒருத்தி அங்கே இருந்திருக்கமாட்டாளா? அவளுக்குப் புதினமும் இல்லை, பாட்டும் இல்லை.

இவ்விடத்தில் சிலப்பதிகாரத்தை நினையாமல் இருக்க முடியவில்லை. சேர நாட்டில் பிறந்த அந்நூலில் அரசனின் கொலை அவைக்களத்தில் வழக்காகிறது. சான்று கேட்கப்படுகிறது; சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா என்று பார்க்கப்படுகிறது; அரசன் தன் குற்றத்தை ஏற்று உயிர் விடுகிறான். தன் கொலையைக் குற்றம் என்று தானே பெயரிட்ட அரசன் அவன். அப்படி ஒருவனை மார்த்தாண்டவர்மரின் கதையில் சி. வி.யும் காட்டவில்லை, பாட்டும் காட்டவில்லை. ஆனால் கண்ணகி மூட்டிய தீயையும் நாம் மறக்கலாகாது. முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு அவள் தீக்குக் கட்டளையிட்டதை இளங்கோ கவனமாகச் சொல்கிறார். பழிவாங்கலுக்கும் எல்லை வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்துக் கவிஞனுக்கு இருந்தது. கோவலனைக் கொல்லாத மதுரை மக்கள் மற்றவர்கள் ஏன் எரிய வேண்டும் என்ற வினா அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் எல்லை என்ற சொல்லாவது அங்கே இருக்கிறது.

சி. வி.க்கும் மனம் ஆறவில்லை என்றே நினைக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1913-இல், ‘தர்மராஜா’வை எழுதினார். அழிந்ததாகச் சொல்லப்பட்ட எட்டு வீட்டாரின் வழித்தோன்றல்கள் அதில் பழிவாங்கத் திரும்பி வருகிறார்கள். முதற் புதினத்தில் முடித்துவைத்த வழக்கை அவரே மறுபடியும் திறக்க வேண்டியிருந்தது. கலை நோக்கில் ‘தர்மராஜா’ கடினமான நூல், நடையும் கரடுமுரடு. எனினும் நேர்மையில் அதுவே மேலானது என்பேன்.

இவையெல்லாம் பழங்கதை, இன்று நமக்கு என்ன என்று அன்பர்கள் கேட்கலாம். பழங்கதைக்கு நம் ஊரிலேயே புதுப் பதிப்புகள் உண்டு. 1938 ஆகஸ்டு 31 அன்று நெய்யாற்றின்கரையில், பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் முதலியோர் மாண்டனர். அப்போது திவான் சர் சி. பி. ராமசுவாமி ஐயர், தமிழர். கிளர்ச்சி நடத்திய ஸ்டேட் காங்கிரசின் தலைவர் பட்டம் தாணுப் பிள்ளை. பதினாறு ஆண்டுகள் சென்றன. 1954 ஆகஸ்டு 11 அன்று, தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று திரண்ட தமிழர்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போது முதலமைச்சர் அதே பட்டம் தாணுப் பிள்ளை. அவர் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா வடநாட்டுச் சிறையில் இருந்தபடியே, மக்களைச் சுட்ட அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று தந்தி அனுப்பினார். கட்சி கேட்கவில்லை, பின்னர் உடைந்தது. தன் கட்சி ஆட்சியின் கொலையைக் கொலை என்று அழைத்தவரை நம் நாட்டு அரசியலில் தேடிப் பார்த்தால், லோகியாவுக்குத் துணை வெகு சிலரே.

நெய்யாற்றின்கரையில் 1938-இன் தியாகிகளை நினைவுகூர்கிறார்கள். எல்லைக்கு அப்பால் 1954-இன் தியாகிகளுக்கு ஆண்டுதோறும் மலர் தூவுகிறார்கள். இங்குள்ளவருக்கு அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. அங்குள்ளவருக்கு இது அயலார் செய்தி. களியக்காவிளைச் சாவடியைக் கடந்தால் தியாகி என்ற சொல் பொருள் இழந்துவிடுகிறது. அலுவலகக் கோப்புகளில் குறிப்பெழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இங்கே ஒரு சொல்: சுட்டார்கள் என்று எந்த அரசும் எழுதுவதில்லை. துப்பாக்கிப் பிரயோகம் செய்ய நேர்ந்தது, உயிரிழப்பு ஏற்பட்டது என்றே எழுதும். அந்த வாக்கியங்களில் எழுவாய் இராது. எழுவாய் இல்லாத வாக்கியத்தைக் கண்டால் யாரோ மறைந்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

1947 ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஓர் இசை விழாவில் சர் சி. பி.யை வெட்டிய கே. சி. எஸ். மணியையும் இவ்வரிசையில் வைக்க வேண்டும். அவரும் தமிழ் பேசும் குடும்பத்தினரே. திவான் காயத்தோடு தப்பினார். சில நாள்களில் திருவிதாங்கூர் இந்தியாவோடு இணைந்தது. அந்த வெட்டு நாட்டுக்கு நன்மை செய்தது என்று இன்றும் பலர் மகிழ்வோடு கூறக் கேட்கிறேன். விளைவைக்கொண்டு செயலை நியாயப்படுத்தினால், மார்த்தாண்டவர்மரையும் அதே கணக்கில் விடுதலை செய்தாக வேண்டும். மணியைப் புகழ்ந்துகொண்டே மன்னரை இகழ்பவர்களும் உண்டு. மன்னரைப் புகழ்ந்துகொண்டே மணியைக் குற்றவாளி என்பவர்களும் உண்டு. இருவரும் கணக்கைப் பாதியில் நிறுத்துகிறார்கள்.

மகளுக்கு என்ன விடை சொன்னேன்? தேர்வில் ஆசிரியை சொன்னபடி எழுது, மதிப்பெண் முக்கியம் என்றேன். தந்தை என்ற முறையில் வேறு சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அன்றிரவே புதினத்தை அவளும் நானுமாக மறுபடி படிக்கத் தொடங்கினோம். நடுநடுவே ஆச்சி பாட்டிலிருந்து நினைவுக்கு வந்த அடிகளைச் சொல்லுவார். சில இடங்களில் நினைவு அறுந்துபோகும். சுபத்திரை இறக்கும் இடத்தில் ஆச்சி, “பாவம், அந்தப் பிள்ளையும் போச்சா” என்றார். பாட்டில் வராத ஒரு பெண்ணுக்காக, மலையாளம் படிக்கத் தெரியாத அவர் வருந்தினார். கடற்கரைக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றி நான் கேட்டதற்கு, அப்படி ஒரு பகுதியைத் தாம் கேட்டதில்லை என்றார்.

கோயிலுக்குக் கோயில், புலவருக்குப் புலவர், தம்பிமார் கதையின் பாடம் வேறுபடும். நம் சங்கத்துக் குடும்பங்களில் கல்குளம், விளவங்கோடு பக்கத்திலிருந்து வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். துறைக்கு அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றிப் பாடும் பகுதி அவர்கள் வீட்டு முதியோர் எவருக்கேனும் நினைவிருந்தால், அல்லது பழைய கையெழுத்துப் படி எதிலேனும் காணப்பட்டால், சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டுகிறேன். நான்கு அடி கிடைத்தாலும் போதும்.